இடப்பக்கம் திரும்பிய உப்பு ஜாடி

உப்பு ஜாடியை உப்பு ஜாடியாகப் பார்க்கத் தெரியாத மனிதர்கள் சிலர் இந்த உலகத்தில் இருக்கிறார்கள். சாப்பாட்டு மேஜையில் உங்களுக்கு எதிரே வந்து உட்காருவார்கள். பார்த்தால் பரம சாது. தட்டை ஓரமாக நகர்த்துவார்கள், டம்ளரைத் தள்ளி வைப்பார்கள், கரண்டிகளை ஒரு பக்கமாக வரிசை பிடித்து அடுக்குவார்கள். பாவம், சுத்தக்காரர் போலிருக்கிறது என்று நீங்கள் நினைத்து முடிப்பதற்குள், ஜாடியை இரண்டு விரலால் பிடித்து மேஜைவிரிப்பின் நடுவே மெல்லத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தி, "இது நாங்க" என்பார்கள். அவ்வளவுதான். உங்கள் பிற்பகல் போயிற்று.

கடற்போர்க்காரர்கள் என்று இவர்களுக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். இவர்களில் இரண்டு வகை உண்டு: போருக்குப் போனவர், போரைப் படித்தவர். போனவருக்கு, நாற்பது நிமிடம் நடந்த சண்டையைச் சொல்ல மூன்று மணி நேரம் வேண்டும். படித்தவருக்கு, அந்த மூன்று மணி நேரத்தில் அவர் எங்கெங்கே தப்பாகச் சொன்னார் என்று திருத்த இன்னொரு மணி நேரம் வேண்டும். "நான் அங்க இருந்தேன்யா" என்பார் முன்னவர். "ஆவணத்துல அப்படி இல்லையே சார்" என்பார் பின்னவர். ஒருவரையொருவர் கண்டால் ஆகாது. காணாமல் இருக்கவும் முடியாது. ஒருவர் சளி பிடித்து வராமல் போனால் மற்றவர் அன்றைக்கெல்லாம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இவ்வளவு விவரம் உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எனக்குப் பெண் கொடுத்தவரே போனவர் வகைதான். மாமா என்று நேரிலும் அட்மிரல் என்று முதுகுக்குப் பின்னாலும் நாங்கள் அழைக்கும் என் மாமனார். கடற்படையில் அவருக்கு என்ன பதவி என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. "பையனுக்குக் கப்பல்ல வேலை" என்று மட்டும் சொல்லித்தான் அத்தையைப் பெண் கேட்டார்களாம். ஆனால் அந்தப் பெரிய சண்டை நடந்த அன்று அவர் கப்பலின் மேல்தளத்தில் தொலைநோக்கியோடு காவல் நின்றார் என்பது இந்தத் தெருவில் தபால்காரர் வரைக்கும் தெரியும். புதிதாக வந்த தபால்காரருக்கும் தெரியும். வந்த மூன்றாம் நாளே சொல்லியாகிவிட்டது.

மாதத்தின் முதல் சனிக்கிழமை பிற்பகல், மாமா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கூட்டம். ஒரு காலத்தில் பதினைந்து பேர் வருவார்களாம், பக்கத்து வீட்டு மேஜையையும் தூக்கிக்கொண்டு வந்து ஒட்டிப் போட வேண்டியிருக்குமாம். இப்போது மூன்றே பேர். ஒருவர் மாமா. இன்னொருவர் பேராசிரியர். அந்தச் சண்டையைப் பற்றித் தடிமனாக ஒரு புத்தகம் எழுதி, அதை இருபத்திரண்டு வருடங்களாகத் திருத்திக்கொண்டிருப்பவர், காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பார். மூன்றாமவர் பீரங்கிக்காரர். அவர் வேறு கப்பல். காது அன்றைக்கே போய்விட்டது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருப்பார். அரை மணிக்கு ஒரு தடவை விழித்து, "முதல் குண்டு என்னுது" என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். மறுபடியும் கண்ணை மூடிக்கொள்வார்.

மேஜைவிரிப்புதான் கடல். உப்பு ஜாடி மாமாவின் கப்பல், வெள்ளைப் பீங்கான், மூடி போட்டது. மிளகுத்தூள் டப்பா எதிரியின் பெரிய கப்பல். கரண்டிகள் மற்றவை. பேராசிரியரின் மூக்குக்கண்ணாடிக் கூடு நீர்மூழ்கி. ஆகையால் போர் முடியும்வரை கண்ணாடியைக் கழற்றி வைக்க அவருக்கு இடம் கிடையாது. போர் நடக்கும்போது யார் எதைக் கேட்டாலும் கிடைக்காது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் தாமதமாக வந்து மேஜை ஓரத்தில் சாப்பிட உட்கார்ந்த நான் உப்புக்காகக் கையை நீட்டிவிட்டேன். மூன்று பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அத்தைதான் காதோரம் வந்து சொன்னார்: "பொறுங்க மாப்பிள்ளை, இப்ப கப்பலை எடுக்க முடியாது. உள்ள வாங்க, பொட்டலத்துல இருந்து தரேன்."

விரிப்பில் ஒரு டீக்கறை இருந்தது. அதுதான் தீவு. ஒரு தடவை அத்தை விரிப்பைத் துவைத்துப் போட்டுவிட்டார்.

"தீவு எங்க?" என்றார் மாமா.

"எந்தத் தீவு?"

"இங்க இருந்த தீவு. இத்தனை வருஷமா இருந்துச்சு."

"அது கறை. சோப்புப் போட்டேன், போயிடுச்சு."

பேராசிரியர் பதறிப்போய் விரிப்பைத் தடவிப் பார்த்தார். பிறகு தன் டம்ளரிலிருந்து இரண்டு சொட்டு டீயை, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கணக்காக ஓரிடத்தில் விட்டார். மாமா குனிந்து பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு சொட்டு" என்றார். தீவு மீண்டும் எழுந்தது. அத்தை அன்றிலிருந்து அந்த விரிப்பை மட்டும் துவைப்பதில்லை.

போரின் உச்சம் மாலை நான்கு பதினேழு. அப்போதுதான் எதிரியின் டார்பிடோ, அதாவது ஒரு தீக்குச்சி, உப்பு ஜாடியை நோக்கிப் பாய்ந்து வரும். கப்பல் வெட்டித் திரும்பும். டார்பிடோ உரசிக்கொண்டு போகும், பின்னாலேயே ஒரு குண்டு வந்து விழும். இரண்டாவது டீ போடுவது என் பொறுப்பு என்பதால், தீக்குச்சி கிளம்பும்போது நான் அடுப்படிக்குக் கிளம்பிவிடுவது வழக்கம். காரணம், அதற்குப் பிறகு வரும் சண்டை எனக்கு மனப்பாடம்.

கப்பல் எந்தப் பக்கம் திரும்பியது? இதுதான் சண்டை. கப்பலின் நாட்குறிப்பில் வலப்பக்கம் என்று எழுதியிருக்கிறது என்பார் பேராசிரியர். இடப்பக்கம் என்பார் மாமா. மற்ற எதிலும் மாமா விட்டுக்கொடுத்துவிடுவார். ஆறு கப்பல் இல்லை, ஐந்துதான் என்று பேராசிரியர் சொன்னால் ஒரு கரண்டியை எடுத்து உள்ளே வைத்துவிடுவார். மழையே இல்லை என்றால் மழையையும் நிறுத்திவிடுவார். இதில் மட்டும் பிடித்த பிடி. "இடது" என்று சொல்லித் தன் வலது தோளில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். சாட்சி கேட்டால் இன்னும் இரண்டு தட்டு.

சாட்சி என்றதும் ஞாபகம் வருகிறது. பொழுது போகாத ஒரு மாதம் பேராசிரியரின் புத்தகத்தை நான் உண்மையிலேயே படித்துவிட்டேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் பிரமாதமான பக்கம். எதிரிக் கப்பலின் புகை சாம்பல் நிறத்தில் எழுந்து, காற்றில் இடுப்பு ஒடிந்து, கடல்மேல் படுத்தது என்று படம் பிடித்தமாதிரி எழுதியிருந்தார். கீழே பொடி எழுத்தில்: மேல்தளத்தில் காவல் நின்ற வீரர் ஒருவர் நேரில் கூறியது. நம் மாமாதான்! அடுத்த சனிக்கிழமை, "புகை என்ன நிறம் மாமா, இத்தனை வருஷம் கழிச்சும் எப்படி ஞாபகம் இருக்கு?" என்று கேட்டேன். "ப்ரொஃபஸர் புக்குல தெளிவா இருக்கே மாப்பிள்ளை. நூத்திப் பன்னெண்டு, பாருங்க" என்றார்.

புரிகிறதா? அவருக்கு இவர் சாட்சி, இவருக்கு அவர் சாட்சி. நான் வாயைத் திறக்கவில்லை. பெண் கொடுத்த வீட்டில் எதற்கு வம்பு?

இன்னும் சில விஷயங்களும் என் கண்ணில் பட்டதுண்டு. காவல் நின்றவருக்குக் கண் கூர்மையாக இருந்திருக்க வேண்டாமா? கல்யாண ஃபோட்டோவிலேயே மாமா சோடாபுட்டிக் கண்ணாடியோடுதான் நிற்கிறார். ஆனால் காதும் கையும் அபாரம். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டே, "குக்கர் வால்வு அடைச்சிருக்கு, பாரு" என்று குரல் கொடுப்பார். அடைத்திருக்கும். மாடித் தண்ணீர்க் குழாயில் உள்ளங்கையை வைத்து, மோட்டார் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வார். அத்தனை நாள்தான் தாங்கும்.

இப்படியாக நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த போரில், ஒரு முதல் சனிக்கிழமை, வாசலில் ஒரு அம்மாள் வந்து நின்றார். அறுபது வயதிருக்கும். தையல் கடை வைத்திருப்பவர். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்ற மறந்து அப்படியே வந்துவிட்டார். கையில் பேராசிரியரின் புத்தகம், நடுவில் அடையாளத்துக்கு ஒரு நூல்.

"இங்கதான் அந்தக் கப்பல்ல இருந்தவங்க கூடுறீங்கன்னு சொன்னாங்க" என்றார்.

கடற்போர்க்காரர்களின் வீட்டு வாசலில் புதிதாக ஒரு ஜோடிக் காது தானாக வந்து நின்றால் என்ன நடக்கும்? மாமா நாற்காலியை இழுத்துப் போட்டார். பேராசிரியர் புத்தகத்தில் கையெழுத்துப் போடப் பென்சிலை எடுத்தார். பீரங்கிக்காரர்கூடக் கண்ணைத் திறந்து தன் குண்டைச் சொல்லி வைத்தார். யார், எதற்கு வந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. உப்பு ஜாடி புறப்பட்டுவிட்டது.

அந்த அம்மாள் முழுவதையும் கேட்டார். இது வரலாற்றில் நடக்காத விஷயம். கொட்டாவி விடவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. துணியை வெட்டுவதற்கு முன்னால் பார்ப்பதுபோல் விரிப்பை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தீக்குச்சி கிளம்பி, கப்பல் திரும்பி, குண்டு விழுந்து, இடதா வலதா என்று ஆரம்பித்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"இதுல எங்கண்ணன் எங்க இருந்தார்?"

அவர் நூல் வைத்த பக்கத்தைத் திறந்து ஒரே ஒரு வரியைக் காட்டினார்: கொதிகலன் அறையில் ஒருவர் உயிரிழந்தார். பிறகு பையிலிருந்து ஒரு ஃபோட்டோவை எடுத்து, வேறு இடம் இல்லாததால், கடலின் மேல் வைத்தார்.

"அந்த ஒருத்தர் எங்கண்ணன். எங்கம்மா சாகுற வரைக்கும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. அவன் தனியா கிடந்தானா, கூட யாராவது இருந்தாங்களான்னு. ஆபீஸுக்கு எழுதினோம், பதில் இல்லை. இந்தப் புத்தகத்துல செத்தது மட்டும் இருக்கு. கூட யாருன்னு இல்லை."

பேராசிரியருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "அன்னைக்கு பாய்லர் ரூம்ல யார் யார் டியூட்டின்னு பட்டியலே கிடைக்கலைம்மா. நானும் ரொம்பத் தேடினேன்" என்றார். பிறகு மாமாவின் பக்கம் திரும்பி, பரிவாகத்தான் சொன்னார்: "சாருக்கும் தெரிய வாய்ப்பில்லை. சார் மேல்தளத்துல இருந்தார்."

பாருங்கள், கதவை அகலத் திறந்துவிட்டார் மனிதர். மாமா "ஆமாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தொலைநோக்கி, காவல், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், தெருவெல்லாம் சம்பாதித்த பெயர், எல்லாம் அப்படியே பத்திரமாக இருந்திருக்கும். அந்த அம்மாளும் நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பார். நான் மாமாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். என் கண்ணால் பார்த்தது. ஃபோட்டோவைக் கையில் எடுத்தார். சோடாபுட்டியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார்.

"கொட்டாவி" என்றார்.

"என்னது?"

"அப்படித்தான் அவனைக் கூப்பிடுவோம். எப்பப் பார்த்தாலும் வாயைத் திறந்துக்கிட்டு..."

அந்த அம்மாளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. "வீட்லயும் அப்படித்தான்."

மாமா உப்பு ஜாடியின் மூடியைத் திறந்தார். இத்தனை வருடப் போரில் அந்தக் கப்பலை யாரும் திறந்ததில்லை. வலதுகை விரலை உப்புக்குள் விட்டு, அடிவரைக்கும் இறக்கி நிறுத்தினார்.

"இங்க. அடியில. அவன் இந்தப் பக்கம். நான் அந்தப் பக்கம்."

பேராசிரியரின் காதிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. "சார், நீங்க மேல..."

"மேல நான் போனதே இல்லை ப்ரொஃபஸர். எல்லாம் முடிஞ்சப்புறம் தூக்கிக்கிட்டுப் போனாங்க. அப்பவும் கண்ணாடி உடைஞ்சுபோச்சு, ஒண்ணும் தெரியலை." மாமாவின் விரல் இன்னும் உப்புக்குள்ளேயே இருந்தது. "நான் எதையும் பார்க்கலைங்க. சத்தம் கேட்டுச்சு, அவ்வளவுதான். திடீர்னு திரும்புச்சு. இடப்பக்கம் வெட்டித் திரும்பினா உள்ள இருக்கிறவன் வலப்பக்கம் போய் விழுவான். ரெண்டு பேரும் வலப்பக்கச் சுவர்ல போய் மோதினோம். அந்தச் சுவர் சுடும். இந்தத் தோளுக்குத் தெரியும், எந்தப் பக்கம்னு. அப்புறம் குண்டு விழுந்துச்சு. குழாய் வெடிச்சு நீராவி வந்துடுச்சு. அவன்தான் குழாய்க்குப் பக்கத்துல இருந்தான். அப்படியும் ஓடலை. ரெண்டு பேருமா வால்வை மூடினோம். மூடி முடிச்சப்புறம்தான் உட்கார்ந்தான். என் மேலதான் சாஞ்சிருந்தான், கடைசி வரைக்கும். தனியா இல்லை தங்கச்சி. நான் இருந்தேன்."

"அந்த நேரம் மணி எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டுவிட்டார் பேராசிரியர். கேட்ட மறுநொடி நாக்கைக் கடித்துக்கொண்டார். பழக்க தோஷம், பாவம்.

"கடிகாரம் இருந்துச்சு ப்ரொஃபஸர். பார்க்கத்தான் நேரம் இல்லை" என்றார் மாமா, கோபமே இல்லாமல்.

"ஏதாவது சொன்னாராண்ணே?" என்றார் அந்த அம்மாள்.

"சொல்லலை. கேட்டான். மேல என்னடா நடக்குது, மேல என்னடா நடக்குதுன்னு. அதையேதான் திருப்பித் திருப்பிக் கேட்டான். நான் தெரியலையேடான்னேன். எனக்கு எப்படித் தெரியும்? கரைக்கு வந்தப்புறம்தான் ஒவ்வொண்ணாத் தேடித் தெரிஞ்சுக்கிட்டேன். பேப்பர்ல வந்தது, மத்தவங்க சொன்னது, எல்லாத்தையும்."

இந்த இடத்தில் பீரங்கிக்காரர் கண்ணைத் திறந்தார். எல்லோர் முகத்தையும் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை. "முதல் குண்டு என்னுது" என்றார்.

"ஆமாம்பா, உன்னுதுதான்" என்று மாமா அவர் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார்.

அந்த அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டார். விரிப்பில் சிந்தியிருந்த உப்பை உள்ளங்கையால் கூட்டி எடுத்தார். பிறகு தன் அண்ணனின் ஃபோட்டோவை நிமிர்த்தி, சர்க்கரைக் கிண்ணத்தில் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "மேல என்ன நடந்துச்சுன்னு இன்னொரு தடவை முதல்லருந்து சொல்லுங்கண்ணே. அண்ணனும் கேக்கட்டும்."

மாமா ஜாடியை மேஜையின் விளிம்புக்குக் கொண்டுபோய், முதலிலிருந்து ஆரம்பித்தார். ஆறு கப்பல் என்றார். பேராசிரியர் பேசாமல் உள்ளேயிருந்த கரண்டியைக் கொண்டுவந்து வைத்தார். மழை பெய்தது என்றார். பெய்யட்டும் என்று விட்டுவிட்டார். அந்த வீட்டில் யாரும் யாரையும் திருத்தாமல் நடந்த போர் அது ஒன்றுதான்.

அவர்கள் போன பிறகு அத்தையிடம் கேட்டேன், உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா என்று.

"கல்யாணமான மூணாம் நாளே தெரியும். சோடாபுட்டிக்காரரை யாராவது காவலுக்கு நிறுத்துவாங்களா? தோள்ல அவ்வளவு பெரிய தழும்பு வேற."

"அப்புறம் ஏன் நீங்க ஒண்ணும் சொல்லலை?"

"வர்றவங்க எல்லாரும் என்ன பார்த்தீங்க, என்ன பார்த்தீங்கன்னுதான் மாப்பிள்ளை கேட்டாங்க. நான் ஒண்ணும் பார்க்கலைன்னு ஒரு மனுஷன் எத்தனை பேருக்குச் சொல்லுவார்?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. நானும்தானே புகை என்ன நிறம் என்று கேட்டேன்?

இத்தோடு திருந்திவிட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? நன்றாக நினைத்தீர்கள். அடுத்த முதல் சனிக்கிழமை மேஜையைச் சுற்றி நான்கு பேர். தையல்கார அம்மாள் புது விரிப்பு தைத்துக்கொண்டு வந்திருந்தார், கறை இருந்த அதே இடத்தில் பழுப்புத் துணியில் ஒரு தீவு ஒட்டுப்போட்டு. பேராசிரியர் நூற்றுப் பன்னிரண்டை அடித்துவிட்டு, இடப்பக்கம் என்று திருத்தி, கொதிகலன் அறைக்குத் தனியாக ஒரு அத்தியாயமே எழுதி எடுத்து வந்திருந்தார். வாசித்தார். எல்லோருக்கும் சம்மதம். அவ்வளவுதான், சண்டை போட ஒன்றும் மிச்சமில்லாமல் இரண்டு கிழவர்களும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். பார்க்கவே பரிதாபமாக இருந்தது. கடைசியில் மாமாதான் மனமிரங்கி, "புகை கறுப்பு ப்ரொஃபஸர், சாம்பல் இல்லை" என்றார். "உங்களுக்கு எப்படி சார் தெரியும், நீங்கதான் மேலயே வரலையே!" என்று பேராசிரியர் உற்சாகமாக நிமிர்ந்தார். நான் டீ போடப் போனேன்.

டீ என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், மனசு உறுத்துகிறது. இந்தக் கதையை நான் அலுவலகத்தில் இதுவரை பதினோரு தடவை சொல்லியிருக்கிறேன். ஸ்டேப்லர்தான் உப்பு ஜாடி. மாமாவுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்ததாகத்தான் சொல்வேன். உங்களிடமும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் தீக்குச்சி கிளம்பினால் நான் எங்கே இருப்பேன் என்றும் முன்னாலேயே சொல்லியிருக்கிறேனே, கவனித்தீர்களா? அடுப்படியில். பால் பொங்கிவிடாமல் பார்த்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட குரல்களைக் கேட்டுக்கொண்டு நின்றேன். உப்புக்குள் விரல் இறங்கியது, பென்சில் விழுந்தது, ஃபோட்டோவைச் சாய்த்து வைத்தது எல்லாம் அத்தை சொல்லித் தெரிந்துகொண்டவை. அத்தையும் அப்போது தட்டு எடுக்கப் பாதி உள்ளே வந்துவிட்டாராம்.

சிரிக்காதீர்கள். நாளைக்கு நீங்கள் இதை யாரிடமாவது சொல்லத்தான் போகிறீர்கள். முதல் தடவை, "எங்கயோ படிச்சேன்" என்று யோக்கியமாக ஆரம்பிப்பீர்கள். மூன்றாவது தடவை, "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வீட்ல" என்றாகும். ஆறாவது தடவை அந்த மேஜையில் உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கும், யாராவது புகை என்ன நிறம் என்று கேட்டால் தயங்காமல் சொல்லிவிடுவீர்கள்.

நம்பவில்லையா? சரி, பக்கத்தில் இருக்கும் அந்த டம்ளரை இப்போது எதற்காக மெல்ல இடப்பக்கம் நகர்த்துகிறீர்கள்?